பன்னிரண்டு வாரம் கனடா... பிறகு தாராசுரம்!

கொதிக்கிற அண்டாவில் பட்டு நூல் சிட்டங்கள் புரண்டுகொண்டிருக்கின்றன. சோப்பும் சோடாவும் கரைத்த தண்ணீர். சிட்டங்களைக் கோத்த கழியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் நூலைத் திருப்பிப் போடுகிறார் சாயப்பட்டறைத் தொழிலாளி. ஆவி முகத்தில் அடிக்கிறது. உள்ளே போகும்போது வைக்கோல் மாதிரி விறைப்பாக இருந்த கச்சாப் பட்டு, வெளியே வரும்போது வழவழவென்று மின்னுகிறது. நூலின் மேல் படிந்திருந்த பசையெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. ஏறத்தாழ கால் பங்கு எடை போய்விடும். ஆனால் சாயம் ஏறுவதும், சேலைக்குப் பளபளப்பு வருவதும் இதற்கப்புறம்தான்.

அண்டாவுக்குச் சற்றுத் தள்ளி நிற்கிற இளம்பெண் சொல்கிறார்: “அங்கேயும் முதல் நாள் என்னை இதைத்தான் செய்யச் சொன்னாங்க.”

அங்கே என்றால், கனடாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டை முடித்த கையோடு கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்குப் போனவர் இவர். பன்னிரண்டு வாரம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். தாராசுரத்தின் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பம். அப்பா தறியில், தாத்தா ஆயுள் முழுக்கச் சாயப்பட்டறையில். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் இங்கே எழுதவில்லை.

அவர் வேலை பார்த்தது பட்டுப் புரதத்தில். புண்ணுக்குப் போடும் மெல்லிய படலம், திசு வளர்க்கும் பஞ்சு போன்ற தாங்கிகள் என்று மருத்துவத் துறை பட்டின் மேல் கண் வைத்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. அதற்கான முதல் படி, பட்டுக்கூட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, சோடியம் கார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, செரிசின் என்கிற பசையை நீக்குவது. மிஞ்சுகிற ஃபைப்ராயின் இழையைக் காயவைத்து, லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, பிறகு நாள்கணக்கில் நல்ல தண்ணீரில் வைத்து உப்பை வெளியேற்றினால் தெளிந்த புரதக் கரைசல் கிடைக்கும். கரைப்பதற்கு முந்தைய வேலை அத்தனையும் தாத்தாவின் வேலை. அவரிடம் தராசு இருந்தது, கடிகாரம் கிடையாது. நூலை விரலிடுக்கில் நெருடிப் பார்த்தே பசை போய்விட்டதா, இன்னும் ஒரு கொதி வேண்டுமா என்று சொல்லிவிடுவார்.

ஆய்வகத்தின் வாராந்தரக் கூட்டத்தில் இதை இந்த மாணவி சொன்னபோது, பேராசிரியர் மேற்கொண்டு கேள்வி கேட்டாராம். எத்தனை முறை கொதி? தண்ணீரை மாற்றுவார்களா? எந்தத் தண்ணீர், ஆற்று நீரா, போர் நீரா? பதில் தெரியாத கேள்விகளுக்கு அன்றிரவே வாட்ஸ்அப்பில் தாராசுரத்துக்குப் போன் போயிருக்கிறது.

ஊருக்குப் பழக்கமில்லாத பயணம்

காவிரி டெல்டாவில் வெளிநாடு போவது யாருக்கும் புதிதில்லை. சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று தெருவுக்கு ஒருவராவது போயிருப்பார். திருச்சி விமான நிலையத்தின் வாசலில் எந்த நேரமும் வழியனுப்ப வந்த வேன்கள் நிற்கும். போனால் இரண்டு வருஷம், சம்பாதித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும், தங்கை கல்யாணம் முடிய வேண்டும், கடன் அடைய வேண்டும். அப்படியொரு கணக்குக்குப் பழகிய ஊரில், மூன்று மாதம் போய் ஏதோ கற்றுக்கொண்டு திரும்பி வருகிற பயணத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று அக்கம்பக்கத்தாருக்குப் புரிவதில்லை. “அங்க என்ன சம்பளம்?” என்பது முதல் கேள்வி. “அப்ப ஏன் திரும்பி வந்துட்டே?” என்பது அடுத்தது.

ஆனால் கேள்வி கேட்கிற அதே தெருவில், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற அம்மாக்கள் இந்த வீட்டுக்கு வந்து எப்படி விண்ணப்பிப்பது என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் கல்லூரி விடுதிகளிலும் இதே பேச்சு. ஐ.ஐ.டி. மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்த ஒன்று, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது என்றால் நமக்கும் கிடைக்குமா என்கிற நியாயமான ஆசை அது.

வழிகள் எவை?

கனடாவின் மிட்டாக்ஸ் நிறுவனம் நடத்தும் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சி இந்திய மாணவர்களிடையே மிகவும் பேசப்படுவது. 2009-இல் இந்திய மாணவர்களை வைத்துத்தான் அது தொடங்கியது. விமானக் கட்டணம், தங்குவதற்கான உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். ஜெர்மனியின் டாட் அமைப்பு ‘வைஸ்’ என்ற பெயரில் இந்திய அறிவியல், பொறியியல் மாணவர்களைக் கோடையில் அழைக்கிறது. அமெரிக்காவுக்கு, ஹர் கோவிந்த் கொரானாவின் பெயரில் உயிரித் தொழில்நுட்ப மாணவர்களுக்கான திட்டம் ஒன்று உண்டு. 1968-இல் நோபல் பரிசு பெற்றபோது கொரானா விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஜெனீவாவுக்கு அருகே இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தின் கோடைக்காலப் பயிற்சியும் இருக்கிறது. இந்தியா 2017-இல் அதன் இணை உறுப்பு நாடானது. ஜப்பானின் ஓகினாவா அறிவியல் கழகமும் பயணச் செலவைத் தானே ஏற்று மாணவர்களை அழைக்கிறது.

தமிழக அரசும் இந்தப் பக்கம் அடியெடுத்து வைத்திருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் தேர்வான மாணவர்கள் 2024-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வியைத் துரத்துவதற்கு அந்தக் காலம் போதாது. ஆனாலும் அரசுக் கல்லூரிப் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழுந்ததைச் சிறிய விஷயமாக நான் பார்க்கவில்லை.

[பெட்டிச் செய்தி] நாள்காட்டியைப் பாருங்கள்

அடுத்த கோடைக்கான வேலை இந்த ஆண்டின் மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மிட்டாக்ஸ் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் முடிந்துவிடும். டாட் வைஸ் திட்டத்துக்கு நவம்பர்த் தொடக்கம். செர்ன் விண்ணப்பம் ஜனவரி வரை. மிட்டாக்ஸில் தரச் சராசரி 10-க்கு 8 எதிர்பார்க்கிறார்கள். அங்கே அவர்கள் தரும் ஆய்வுகளின் பட்டியலிலிருந்து மாணவர் தமக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். டாட் திட்டத்தில் ஜெர்மன் பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதத்தை மாணவரே தேடிப் பெற வேண்டும். முதல் பாஸ்போர்ட் எடுக்க (36 பக்கம்) கட்டணம் 1,500 ரூபாய்.

யார் உள்ளே, யார் வெளியே?

இங்கேதான் வலிக்கிற இடம் வருகிறது. டாட் வைஸ் போன்ற திட்டங்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐசர் என்று குறிப்பிட்ட நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தால் எத்தனை மதிப்பெண் இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியலோ வேதியியலோ படிக்கிற விவசாயி வீட்டுப் பையனுக்கு, தனக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. செய்தி கண்ணில் படுவதற்குள் தேதி போய்விடுகிறது.

தகவல் கிடைத்தாலும் அடுத்த தடை, பரிந்துரைக் கடிதம். நம் ஊர்க் கல்லூரிகளில் ஆசிரியர்கள் எழுதித் தருவது நன்னடத்தைச் சான்றிதழின் நீட்சி. ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர், வாழ்வில் மேன்மேலும் உயர வாழ்த்துகிறேன். வெளிநாட்டுப் பேராசிரியர் தேடுவது வேறு: இந்த மாணவர் சோதனை ஒன்று தோற்றபோது என்ன செய்தார்? கேட்காத கேள்வி எதையாவது கேட்டாரா? தன் கையால் எந்தக் கருவியை இயக்கியிருக்கிறார்? இதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆசிரியர் மாணவரோடு ஆய்வகத்தில் நின்றிருக்க வேண்டும். வாரம் முழுக்க வகுப்பு, அதற்குமேல் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான (நாக்) கோப்பு வேலை என்று ஓடுகிற ஆசிரியருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பட்டியலில் கல்லூரி பெயர் இல்லாதவர்கள் பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் நூறும் குப்பைத்தொட்டிக்குத்தான். ஒருவரின் ஆய்வுக் கட்டுரை இரண்டைப் படித்து, அதில் தனக்குப் புரியாத ஓர் இடத்தைச் சுட்டி, அதைப் பற்றி நாலு வரி எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். பதில் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

பரீட்சை, வருகைப்பதிவு, பணம்

இடம் கிடைத்துவிட்டது. அப்புறம்? நம் செமஸ்டர் தேர்வு மே மாதத்தைத் தாண்டி இழுக்கிறது. அங்கே மே மாதத்திலேயே ஆய்வகம் எதிர்பார்க்கிறது. ஜூனில் போனால் பன்னிரண்டு வாரம் முடிய ஆகஸ்ட் கடைசி. அதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும். 75 சதவீத வருகைப்பதிவு இல்லையென்றால் தேர்வெழுத முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்த கல்லூரிகளும் உண்டு. துறைத்தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிகிற காரியம்தான். பல்கலைக்கழக மானியக் குழுவும் 2024-இல் இளநிலை மாணவர்களின் ஆய்வுப் பயிற்சிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கையெழுத்துப் போட மனம் வேண்டும், அவ்வளவே.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. முழுச் செலவையும் தருகிற திட்டத்திலும் சில தொகைகள் கடைசியில்தான் கைக்கு வரும். பாஸ்போர்ட், விசாக் கட்டணம், கைரேகை பதியச் சென்னைக்குப் போய்வரும் செலவு, குளிர் தாங்கும் சட்டை, முதல் மாதச் சாப்பாடு. கூலிக்கு நெய்கிற வீட்டில் இது கல்யாணச் செலவுக்கு ஒதுக்கிய பணத்தில் கைவைக்கிற விஷயம். தாராசுரம் மாணவியின் வீட்டில் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தில் மீட்டுவிட்டார்கள் என்பதைச் சொல்லும்போது அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்ற பேச்சும் வந்திருக்கிறது. அதற்கு முற்றுப்புள்ளி வைத்தவர் தாத்தா. அவர் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவரில்லை.

நூறாண்டுக்கு முந்தைய உதவித்தொகை

கும்பகோணத்துக்காரர்கள் ஆய்வுக்காகக் கடல் கடப்பது இன்று நேற்று தொடங்கியதில்லை. தாராசுரத்திலிருந்து சற்றுத் தூரத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறினார். அவரை அனுப்பியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை: ஆண்டுக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு கும்பகோணத்துக் குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆய்வு உதவித்தொகையிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுத்துவைப்பது அப்போதே நடந்திருக்கிறது.

ராமானுஜனின் திரும்புதல் மகிழ்ச்சியானதாக இல்லை. போர்க்காலம், ஒத்துக்கொள்ளாத குளிர், தானே சமைத்த அரைகுறைச் சாப்பாடு, நோய். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனவர், 1919 மார்ச்சில் உடல் நொந்து திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று காலமானபோது வயது 32. ஐந்து வருஷம் அவருக்கு வீட்டுக் குரல் கேட்கவில்லை. இன்றைக்குப் போகிற பிள்ளை சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறது, தினம் இரவு அம்மாவின் முகத்தைத் திரையில் பார்க்கிறது, திரும்பும் தேதி போட்ட டிக்கெட்டோடு ஏறுகிறது. இதனாலேயே இந்தக் குறுகிய காலப் பயணங்களை நான் ஆதரிக்கிறேன்.

திரும்பி வந்து ஊருக்கும் நாட்டுக்கும் சோறு போட்டவர் ஒருவர் உண்டு. 1925 ஆகஸ்ட் 7 அன்று கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். ஐ.பி.எஸ். பணிக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு, யுனெஸ்கோ உதவித்தொகையில் 1949-இல் நெதர்லாந்தின் வாகனிங்கனுக்கு உருளைக்கிழங்கு மரபியல் படிக்கப் போனார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ், 1952-இல் முனைவர் பட்டம், பிறகு விஸ்கான்சின். அங்கேயே இருந்திருக்கலாம். 1954-இல் திரும்பினார்.

திரும்பியவருக்கு வேலை இல்லை. அவர் படித்த துறையில் காலியிடமே கிடையாது. சில மாதம் கழித்துத்தான் கட்டாக்கில் இருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிகப் பணி கிடைத்தது. நம் இண்டிகா நெல்லையும் ஜப்பானின் ஜபோனிகா நெல்லையும் ஒட்டுச் சேர்க்கிற திட்டம் அது. உரம் போட்டால் சாயாமல் நின்று, கூடுதலாக விளைச்சல் தருகிற ரகம் வேண்டும் என்பது நோக்கம். சில மாதத்தில் அவர் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் பசுமைப் புரட்சியாக விரிந்த கோதுமைக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் டெல்டாக்காரர்கள் மறக்கக்கூடாதது நெல்லின் கதை. அந்த இண்டிகா-ஜபோனிகா ஒட்டு முயற்சியில் வந்த ஏ.டி.டி. 27 என்ற ரகத்தை 1965-இல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. ஜப்பானின் நோரின் 10-க்கும் நம் ஜி.ஈ.பி. 24-க்கும் பிறந்த பிள்ளை. சுமார் 105 நாள் பயிர். குறுவைக்குக் கச்சிதம். அந்த ஆண்டுகளில் தஞ்சை மாவட்டத்து வயல்களில் அது பரவிய வேகத்தைப் பழைய மிராசுதார்கள் இன்றும் சொல்வார்கள்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒருவர் வெளிநாட்டில் கற்றது ஊருக்குப் பயன்படுவதற்கு அவருடைய நல்ல மனம் மட்டும் போதாது. திரும்பி வருகிறவருக்கு உட்கார ஒரு நாற்காலி, கற்றதைச் செய்துபார்க்க ஒரு மேசை வேண்டும். கட்டாக்கில் அந்த மேசை இருந்தது. ஆடுதுறையில் 1922-இலிருந்தே வயல் இருந்தது.

வந்த பிறகு என்ன?

அழைக்கிற நாடுகள் தானம் செய்யவில்லை. நல்ல மாணவர்களை இளம் வயதிலேயே பார்த்துவைத்து, பிறகு மேற்படிப்புக்கு இழுத்துக்கொள்வதும் அவர்கள் நோக்கம்தான். மிட்டாக்ஸ் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் மறுபடி கனடாவுக்குப் படிக்கப் போனால் அதற்கெனத் தனி உதவித்தொகையே வைத்திருக்கிறார்கள். அவர்கள் இதை ஒளிக்கவுமில்லை. நம் பிள்ளைகள் போவதில் தவறு எதுவும் இல்லை. நாம் அவர்களுக்கு எதைக் காட்டி அழைக்கப்போகிறோம் என்பதுதான் என் கவலை.

தாராசுரம் மாணவி திரும்பி வந்து கல்லூரி ஆய்வகத்தில் லித்தியம் புரோமைடு கேட்டார். வாங்கித் தர அனுமதிக் கடிதம், மூன்று விலைப்புள்ளி, நிதிக்குழுக் கூட்டம். கனடாவில் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் இரண்டு நாளில் மேசைக்கு வந்த பொருள் அது. ஆசிரியை ஒருவர் தன் ஆய்வு நிதியிலிருந்து சின்னப் புட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். தாத்தாவின் பட்டறையில் கொதித்த நூலையும், சோடியம் கார்பனேட்டில் கொதித்த நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் பசை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறார்கள். கடைசி ஆண்டு பிராஜெக்டே அதுதான். பட்டறையிலிருந்து சாக்கடைக்குப் போகிற அந்தப் பசைத் தண்ணீரில் இருப்பதும் புரதம். அதைப் பிரித்தெடுத்து அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கிறது உலகம். இங்கே அது அரசலாற்றுப் பக்கம் போகிறது. அதை இங்கேயே பிரித்தெடுக்க முடியாதா என்ற கேள்வியைக் கனடாவில் உட்கார்ந்து யாரும் கேட்க முடியாது. தாராசுரத்தில் பிறந்தவர்தான் கேட்க முடியும்.

மாறியது வேறொன்றும் இருக்கிறது. பேராசிரியர் முதல் வாரத்திலேயே “எனக்கும் தெரியாது, செய்துபார்” என்று சொன்னதை இவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தெரியாது என்று ஆசிரியர் சொல்லி இவர் அதுவரை கேட்டதில்லை. மூன்று முறை கெட்டுப்போன கரைசலைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. யாரும் திட்டவில்லை, ஏன் கெட்டது என்று கேட்டார்கள். இப்போது ஜூனியர்களின் சோதனை சொதப்பினால், ரெக்கார்டு நோட்டில் புத்தக விடையை எழுதாதே, வந்ததை எழுது என்கிறார். சில ஜூனியர்கள் எழுதுகிறார்கள்.

கல்லூரிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஜூலை மாதமே அறிவிப்புப் பலகையில் தேதிகளை ஒட்டலாம். பரிந்துரைக் கடிதம் எழுத ஆசிரியர்களுக்கு ஒரு மாலை நேரப் பயிற்சி போதும். போய்வந்தவரைப் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்துவிட்டு அனுப்பாமல், ஒரு செமஸ்டர் ஜூனியர்களோடு ஆய்வகத்தில் நிற்கச் சொல்லலாம். கடல் கடக்க முடியாதவர்களுக்கு உள்ளூர்க் கோடையும் உண்டு. பெங்களூரின் இந்திய அறிவியல் அகாதமியும் மற்ற இரு அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்குக் கலைக் கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யும் கோடைப் பயிற்சி தருகிறது. டெல்டாவிலேயே ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், சாஸ்த்ரா, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. அரசுக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேரை ஒவ்வொரு கோடையிலும் இவை ஒவ்வொன்றும் சேர்த்துக்கொண்டால், வெளிநாட்டு விண்ணப்பத்தில் எழுத அந்தப் பிள்ளைகளிடம் சொந்தமாக ஓர் ஆய்வு இருக்கும்.

அதுவரை தாராசுரம் வீட்டின் முன்னறையில், தறிக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கிறது. ஜூனியர்கள் ஏழெட்டுப் பேர் மெயில் வாசகங்களைக் கொண்டுவந்து திருத்தி வாங்கிப்போகிறார்கள். அதில் மூன்று பேர் இந்த மாதம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒரு பையனின் அப்பா, திருவிடைமருதூர்ப் பக்கம் குத்தகை விவசாயி, போலீஸ் விசாரணைக்கு வந்தால் என்னென்ன காகிதம் காட்ட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.